சித்திரத்துக்குத் தூது சென்றவர்

ஒரு தேசத்தில் கலை தழைப்பதற்குக் கலைஞர்கள் பிறந்தால் மட்டும் போதுமா? போதாது என்றே நாம் கருதுகிறோம். சித்திரத்தை எழுதிய கையை உலகம் பாராட்டுகிறது. அதைச் சுமந்து வந்து, ஜனங்கள் கூடும் இடத்தில் ஆணி அடித்து மாட்டிய கையை யாரும் நினைப்பதில்லை. ஆயினும் அந்த இரண்டாவது கை இல்லாவிட்டால் முதற் கையின் வேலை நாலு சுவர்களுக்குள் மடிந்துபோகும். அத்தகைய கைக்குச் சொந்தக்காரர் ஒருவருடைய வாழ்க்கையை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் பெயர் ரோலண்ட் பென்ரோஸ். ஆங்கிலேயர். 1900-ம் வருஷம் பிறந்து 1984-ம் வருஷம் மறைந்தவர். தாமே ஒரு சித்திரக்காரர். ஆனால் தம் சித்திரங்களைக்காட்டிலும் பிறர் சித்திரங்களுக்கு அதிகமாக உழைத்தவர்.

அரசியல் தொண்டில் இறங்கியவர்களுக்குச் சித்திரக்காரர் கதை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. ஒரு கொடுமை நிகழ்ந்து, சர்க்கார்கள் வாயடைத்து நின்ற காலத்தில், ஒரு சித்திரத்தைப் பேச வைத்தவர் பென்ரோஸ். ஊர் கூடி ஏளனம் செய்த ஒரு கொள்கையை எடுத்துக்கொண்டு, அதே ஊர் வரிசையில் நின்று பார்க்கும் நிலைக்குக் கொண்டு வந்தவரும் அவர்தான். முடிவில், கலகக்காரராகப் புறப்பட்டவரைச் சர்க்காரே அழைத்துப் பட்டம் சூட்டியது. வெற்றி என்பது இதுதானா, அல்லது தோல்வியின் இனிய வடிவமா? இந்தக் கேள்வி சித்திரக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. இயக்கம் நடத்துகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் சந்திக்க வேண்டிய கேள்வி இது.

குவேக்கர் வீட்டுப் பிள்ளை

பென்ரோஸ் பிறந்தது குவேக்கர் குடும்பம். குவேக்கர்கள் நமக்குப் புதியவர்களல்லர். மகாத்மா காந்தியின் நண்பர்களாக விளங்கிய ஹொரேஸ் அலெக்ஸாண்டரும் அகதா ஹாரிஸனும் அந்தச் சமயத்தாரே. புரோகிதர் இல்லாமல் மௌனமாகக் கூடி வழிபடுவதும், எந்த நிலையிலும் ஆயுதம் எடுக்க மறுப்பதும் அவர்களுடைய கொள்கை. பென்ரோஸின் தந்தை ஜேம்ஸ் டாயில் பென்ரோஸ் ஒரு சித்திரக்காரர். மௌனமாக அமர்ந்திருக்கும் குவேக்கர் கூட்டத்தின் நடுவே கிறிஸ்துநாதர் தோன்றி நிற்பதாக அவர் எழுதிய படம் அந்தச் சமயத்தாரிடையே பிரசித்தமானது. தாயார், செல்வம் மிகுந்த பாங்கர் குடும்பத்தில் பிறந்தவர். பணம் நிறைய இருந்தது. அதை ஆடம்பரமாகச் செலவிடக்கூடாது என்ற கட்டுப்பாடும் நிறைய இருந்தது.

முதல் மகா யுத்தத்தின் இறுதியில், 1918-ம் வருஷம், பென்ரோஸ் துப்பாக்கி தூக்காமல், குவேக்கர்களின் வைத்திய உதவிப் படையில் சேர்ந்து இத்தாலிக்குச் சென்றார். திரும்பி வந்து கேம்பிரிட்ஜில் கட்டடக் கலை பயின்றார். 1922-ல் சித்திரம் கற்பதற்குப் பாரிஸ் சென்றார். அங்கே ஆந்த்ரே லோத் என்பவரிடம் பயின்றார். 1925-ல் வாலண்டைன் பூவே என்ற பிரெஞ்சுக் கவியை மணந்தார். தெற்குப் பிரான்ஸிலுள்ள காஸி என்னும் கடற்கரை ஊரில் வீடு வாங்கினார். மாக்ஸ் எர்ன்ஸ்ட், பால் எலுவார், ஹுவான் மிரோ முதலியோர் நண்பர்களாயினர். வாலண்டைனுக்கு நம் நாட்டுத் தத்துவங்களில் பெரும் ஈடுபாடு உண்டு. அதன் பொருட்டு 1930-க்குப் பின் சில வருஷங்களுக்குள் தம்பதிகள் இந்தியாவுக்கும் வந்து சென்றனர்.

கனவுக்கு ஒரு கட்சி

பாரிஸில் அப்போது ‘ஸர்ரியலிஸம்’ என்ற புதிய கொள்கை கொடிகட்டிப் பறந்தது. ஆந்த்ரே பிரதோன் என்ற கவி 1924-ல் அதன் பிரகடனத்தை வெளியிட்டார். மனிதன் விழித்திருக்கும்போது காண்பது பாதி உண்மையே. கனவிலும் அடிமனத்திலும் உறங்குவது மீதிப் பாதி. இரண்டையும் சேர்த்துக் காண்பதே முழு உண்மை என்பது அதன் சாரம். பகுத்தறிவு, நாகரிகம், முன்னேற்றம் என்று பெருமை பேசிய ஐரோப்பா, 1914 முதல் 1918 வரை லட்சக்கணக்கான இளைஞர்களைப் பதுங்குகுழிகளில் சேற்றோடு சேறாய் மிதித்தது. அந்த நாகரிகத்தின் மீது நம்பிக்கை இழந்த இளைஞர்களின் குரலே ஸர்ரியலிஸம். பைத்தியக்காரத்தனம் என்று அதைச் சிரித்து ஒதுக்கினவர்கள் உண்டு. உலகத்தையே பைத்தியக்கார விடுதியாக ஆக்கியவர்கள் யார் என்று அந்த இளைஞர்கள் திருப்பிக் கேட்டனர்.

1935-ல் டேவிட் காஸ்காய்ன் என்ற இளங்கவியைப் பென்ரோஸ் பாரிஸில் சந்தித்தார். இந்தப் புதிய கலையை இங்கிலாந்து அறியாமல் இருப்பது இருவருக்கும் பொறுக்கவில்லை. விளைவு, 1936-ம் வருஷம் ஜூன் 11-ந் தேதி லண்டனில் நியூ பர்லிங்டன் காலரியில் திறக்கப்பட்ட சர்வதேச ஸர்ரியலிஸக் கண்காட்சி. பிரதோனே வந்து திறந்து வைத்தார். ஏறத்தாழ 400 படைப்புகள் வைக்கப்பட்டிருந்தன. ஸால்வடார் டாலி, கடலில் மூழ்குவோர் அணியும் கவச உடையை மாட்டிக்கொண்டு பிரசங்கம் செய்ய வந்தார். தலைக் கவசம் கழலாமல் மூச்சுத் திணறிப்போனார். சுற்றியிருந்தவர்கள் பாடுபட்டுத் திறந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. பத்திரிகைகள் வயிறு குலுங்கச் சிரித்தன. ஆனால் மூன்று வாரங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 20,000 பேருக்கு மேல் வந்து பார்த்தனர். சிரிக்க வந்தவர்களில் சிலராவது சிந்தித்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள் அல்லவா?

அதே வருஷம் பென்ரோஸ் செய்த ‘காப்டன் குக்கின் கடைசி யாத்திரை’ என்ற உருவம் இன்றும் லண்டன் டேட் கலாசாலையின் சேகரத்தில் இருக்கிறது. கம்பியாலான ஒரு பூகோளக் கூண்டு. அதற்குள் பட்டை பட்டையாய் வர்ணம் தீட்டிய, தலையும் கையும் காலுமில்லாத ஒரு பெண்ணுடல். பக்கத்தில் ஒரு ரம்பத்தின் கைப்பிடி. புதிய தேசங்களைக் ‘கண்டுபிடித்தவர்’ என்று ஆங்கிலச் சரித்திரம் கொண்டாடும் மாலுமியின் பெயரை இதற்கு ஏன் இட்டார்? விளக்கத்தை நம் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். அடிமைப்பட்டிருந்த தேசத்தைச் சேர்ந்த நமக்கு, அந்தக் கூண்டையும் ரம்பத்தையும் பார்த்து ஒரு பொருள் தோன்றாமல் இருக்க முடியாது.

குவெர்னிகா

அந்த 1936-ம் வருஷம் ஜூலையில் ஸ்பெயினில் ஜெனரல் பிராங்கோ குடியரசை எதிர்த்துக் கலகம் செய்தார். ஹிட்லரும் முஸோலினியும் அவருக்கு விமானங்களும் வீரர்களும் அனுப்பினார்கள். பிரிட்டனும் பிரான்ஸும் ‘தலையிடாக் கொள்கை’ என்ற அழகிய பெயரைச் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. சட்டப்படி அமைந்த ஒரு சர்க்காருக்கு ஆயுதம் வாங்கும் உரிமையும் மறுக்கப்பட்டது. பென்ரோஸ் அவ்வருஷமே மனைவியுடனும் நண்பர்களுடனும் பார்ஸிலோனாவுக்குச் சென்றார். குடியரசுக் கட்சியார் கோயில்களையும் கலைச் செல்வங்களையும் அழிக்கிறார்கள் என்ற பிரசாரம் ஐரோப்பா முழுவதும் நடந்துகொண்டிருந்தது. அவர்கள் அவற்றைப் பாதுகாப்பதற்கு எடுத்துவந்த முயற்சிகளை நேரில் கண்டு உலகுக்கு அறிவிப்பதே அந்தப் பிரயாணத்தின் நோக்கம். நம் தேசமும் அந்தப் போரைக் கண்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1938-ம் வருஷம் ஜூன் மாதம் பண்டித ஜவஹர்லால் நேரு, கிருஷ்ண மேனனுடன், குண்டுமாரிக்கு நடுவே பார்ஸிலோனாவுக்குச் சென்று வந்தார்.

1937-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி பாஸ்க் நாட்டிலுள்ள குவெர்னிகா என்ற சிற்றூரின்மீது ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அன்று திங்கட்கிழமை, சந்தை நாள். ஊர் எரிந்து சாம்பலாயிற்று. பாரிஸிலிருந்த பிக்காஸோ, மே மாத முதலில் தூரிகை எடுத்து, ஜூன் தொடக்கத்தில் ஒரு பெருஞ் சித்திரத்தை முடித்தார். ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் நீளம். கறுப்பு, வெளுப்பு, சாம்பல் நிறங்களே அதில் உண்டு. இறந்த குழந்தையை ஏந்தி அலறும் தாய், ஈட்டி பாய்ந்து துடிக்கும் குதிரை, எரியும் வீடு, ஒரு காளை, ஒரு விளக்கு. விமானம் அதில் இல்லை, குண்டு இல்லை, கொடியவன் முகமும் இல்லை. கொடுமை மட்டுமே இருக்கிறது. ஆகையினாலேயே அது ஓர் ஊரின் கதையாக நின்றுவிடாமல், வானத்திலிருந்து நெருப்பு விழும் ஊர்கள் அனைத்தின் கதையாகவும் ஆகிவிட்டது.

அதே வருஷம் பிக்காஸோ எழுதிய ‘அழும் மாது’ என்ற சித்திரத்தைப் பென்ரோஸ் நேரில் வாங்கினார். குவெர்னிகாவையோ விலைகொடுத்து வாங்க முடியாது. வாங்கி வீட்டில் வைக்கத் தக்கதும் அல்ல. அதை இங்கிலாந்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானித்தார்.

ஒரு ஜோடி பூட்ஸ்

சரித்திரம் சில சமயம் கவியைப் போலக் காரியம் செய்கிறது. குவெர்னிகா லண்டனுக்கு வந்து சேர்ந்தது 1938-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி. அன்றுதான் பிரதம மந்திரி சேம்பர்லேன், செக்கோஸ்லோவாகியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மூனிக் ஒப்பந்தத்துடன், சமாதானம் கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்து நாடு திரும்பினார். லண்டன் நகரம் அவரை ஆரவாரத்துடன் வரவேற்றது. அந்த ஆரவாரத்தினூடே, சுருட்டிய கித்தானாக, அந்தச் சமாதானத்தின் விலை இன்னதென்று சொல்லும் சாட்சியும் வந்து இறங்கியது.

அக்டோபர் மாதம் நியூ பர்லிங்டன் காலரியில் சித்திரம் வைக்கப்பட்டது. செல்வர் நடமாடும் அந்தப் பகுதியில் சுமார் 3,000 பேர் பார்த்தனர். இது போதாது என்று கண்ட பென்ரோஸும் நண்பர்களும் அதை லண்டனின் கிழக்குக் கோடியிலுள்ள ஒயிட்சாப்பலுக்குக் கொண்டுசென்றார்கள். துறைமுகக் கூலிகளும் தையல் தொழிலாளரும் ஏழை யூதர்களும் நெருங்கி வாழும் இடம் அது. 1936-ம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி, ஆஸ்வால்ட் மோஸ்லியின் கருஞ்சட்டைப் படை தங்கள் வீதிகளில் ஊர்வலம் வராதபடி மறித்துத் துரத்தியவர்கள் அப்பகுதி மக்களே. 1939-ம் வருஷத் தொடக்கத்தில் நடந்த அந்தக் கண்காட்சியில், தொழிற்கட்சித் தலைவர் கிளெமெண்ட் அட்லி திறப்புரை ஆற்றினார். எட்டு வருஷங்களுக்குப் பின், இந்தியாவை விட்டு பிரிட்டிஷார் வெளியேறியபோது பிரதம மந்திரியாக இருந்த அதே அட்லிதான்.

நுழைவுக் கட்டணம் என்ன தெரியுமா? ஸ்பெயின் போர்முனைக்கு அனுப்பத்தக்க ஒரு ஜோடி பூட்ஸ்! குளிர்காலத்தில், ஒரு ஏழைத் தொழிலாளி வீட்டில் பூட்ஸ் ஒன்றும் அற்பப் பொருளன்று. இருந்தும் வந்தார்கள். சுமார் 15,000 பேர் வந்தார்கள். செல்வர் வீதியில் வந்த தொகைக்கு இது ஐந்து மடங்கு. நவீன சித்திரம் பாமரனுக்குப் புரியாது என்று இன்றும் சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. ஒயிட்சாப்பல் தொழிலாளிக்குக் கோணல் மூக்கும் இடம் மாறிய கண்ணும் தடையாகத் தோன்றியிருந்தால், பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு அவன் ஏன் வந்தான்? பிறகு மான்செஸ்டரில், மோட்டார் கார் விற்கும் கூடமொன்றிலும் சித்திரம் காட்டப்பட்டது. கலைக்கோயில்கள் மறுத்தால் கடைத்தெருவே கோயில் என்பது பென்ரோஸின் கொள்கை போலும்!

ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பூட்ஸுகளால் ஸ்பெயின் பிழைக்கவில்லை. 1939-ம் வருஷம் பிப்ரவரி 27-ந் தேதி பிரிட்டிஷ் சர்க்கார் பிராங்கோவை அங்கீகரித்தது. மார்ச் 28-ந் தேதி மாட்ரிட் வீழ்ந்தது. பிரங்கிக்கு எதிரே கித்தான் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு, நிற்காது என்றுதான் நாம் பதில் சொல்லவேண்டும். ஆனால் கணக்கு அன்றோடு முடிந்துவிடவில்லை. பிராங்கோ 1975-ல் இறந்தார். ஸ்பெயினில் ஜனநாயகம் திரும்பியபின், நாற்பது வருஷங்களுக்கு மேல் நியூயார்க்கில் தங்கியிருந்த சித்திரம் 1981-ல் தாயகம் சேர்ந்தது. இன்று மாட்ரிடில் அதன் முன் ஜனங்கள் மௌனமாக நிற்கிறார்கள். குண்டு போட்ட படையை அவர்கள் அந்தச் சித்திரத்தின் மூலமாகவே அறிகிறார்கள். உடனே பலிக்காத பிரசாரம் வீண் பிரசாரம் ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மறைக்கும் கலை

இரண்டாவது மகா யுத்தம் வந்தது. அஹிம்சைக் குடும்பத்தில் பிறந்தவர், பாஸிஸத்தின் வேலையை ஸ்பெயினில் கண்ணால் கண்டவர், என்ன செய்வார்? விமானத் தாக்குதலின்போது காவல் புரிந்தார். பிறகு ஊர்காவற் படைக்கு, எதிரியின் கண்ணுக்குத் தெரியாமல் ஆளையும் கட்டடத்தையும் மறைக்கும் வித்தையைக் கற்பித்தார். அது பற்றி 1941-ல் ஒரு கைந்நூலும் வெளியிட்டார். வர்ணத்தையும் நிழலையும் அறிந்த சித்திரக்காரனுக்கு இயல்பான வேலை அது. கொல்லும் வித்தையைவிட மறைக்கும் வித்தை அந்தக் குவேக்கர் மனத்துக்குச் சற்றேனும் ஆறுதல் தந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

1937 முதல் அவர் அன்புக்குரியவராக இருந்த அமெரிக்க மாது லீ மில்லர், காமிராவுடன் போர்முனைக்குச் சென்றார். 1945-ல் டாக்காவ், புக்கன்வால்ட் என்ற நாஜி வதை முகாம்களுக்குள் சென்று, அவர் எடுத்த படங்கள் உலகத்தின் மனச்சாட்சியை உலுக்கின. முதல் திருமணம் முறிந்தபின், 1947-ல் பென்ரோஸ் அவரை மணந்தார். எந்தக் கனவுக் கலைஞனும் கற்பனை செய்யாத கோரத்தை அந்த மாது நேரில் கண்டுவந்தார். அந்தக் காட்சிகள் ஆயுள் முழுவதும் அவரை விட்டு அகலவில்லை.

ஸ்தாபனமும் பட்டமும்

யுத்தம் முடிந்ததும், பென்ரோஸ் தனி மனித முயற்சி போதாது என்று கண்டார். ஹெர்பர்ட் ரீட் முதலிய நண்பர்களோடு சேர்ந்து லண்டனில் சமகாலக் கலை நிலையத்தை நிறுவினார். முதற் கண்காட்சி 1948-ல், ஆக்ஸ்போர்டு வீதியில் ஒரு சினிமாக் கொட்டகையின் கீழ்த்தளத்தில் நடந்தது! அவ்வருஷக் கடைசியில் தொடங்கிய இரண்டாவது கண்காட்சிக்கு ‘நவீன கலையின் 40,000 வருஷங்கள்’ என்று பெயரிட்டார்கள். ஆதி மனிதனின் படைப்புகளையும், ஆப்பிரிக்காவிலும் பசிபிக் தீவுகளிலும் செய்த உருவங்களையும் ஐரோப்பாவின் புதுக் கலையோடு சரிசமமாக நிறுத்தினார்கள். காட்டுமிராண்டிகள் என்று சாம்ராஜ்யவாதிகள் இகழ்ந்த மக்களின் கைத்திறனை ‘நவீனம்’ என்று அழைத்ததே ஓர் அரசியல் காரியம் என்று நாம் சொல்வோம். அந்த நிலையம் இன்றும் நடந்துவருகிறது.

1950-ல் ஷெப்பீல்டு நகரில் சமாதான மகாநாடு கூடவிருந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் பிரதிநிதிகள் பலருக்கு அனுமதி மறுத்தது. பிக்காஸோவை உள்ளே விட்டார்கள். அவர் ஸஸெக்ஸிலுள்ள பென்ரோஸின் பண்ணை வீட்டுக்கு விருந்தாளியாகச் சென்றார். 1958-ல் பென்ரோஸ் பிக்காஸோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1960-ல் டேட் கலாசாலையில் பிக்காஸோவின் படைப்புகளை ஒருங்கே காட்டும் பெருங் கண்காட்சியை நடத்தினார். நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். மகாராணியும் வந்தார். 1936-ல் சிரித்த நகரம் 1960-ல் வரிசையில் நின்றது. 1966-ல் பென்ரோஸுக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. ‘சர்-ரியலிஸ்ட்’ ஆகிவிட்டார் என்று ஒரு வேடிக்கையும் பிறந்தது.

பட்டம் பெற்ற கலகக்காரரைப் பற்றி நாம் என்ன சொல்வது? நம் தேசத்தில் பட்டங்களைத் துறந்ததே ஒரு வேள்வியாக நடந்த காலம் உண்டு. 1919-ல், ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின், கவி ரவீந்திரநாத தாகூர் ‘சர்’ பட்டத்தை உதறினார். அந்த அளவுகோலால் அளந்தால் பென்ரோஸ் குறைவுபடவே செய்கிறார். சர்க்கார் தரும் மாலை சில சமயம் கழுத்தை அலங்கரிக்கும். சில சமயம் கயிறாகவும் இறுக்கும். பழைய தோழர்களில் சிலர் அவரைக் குறைகூறியதில் வியப்பில்லை. பரம்பரைச் செல்வம் இருந்ததால்தானே இத்தனையும் செய்ய முடிந்தது என்று சொல்வதிலும் உண்மை உண்டு.

ஆனால் இந்தக் குற்றச்சாட்டுகளுக்கு எதிர்த்தட்டில் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். பணம் படைத்தவர்கள் பலர் சித்திரங்களை வாங்கி அறைக்குள் பூட்டி வைத்தார்கள். இவர் வாங்கியதைக் காட்டினார். வாங்க முடியாததை இரவல் கேட்டுக் கொண்டுவந்து காட்டினார். தாம் எழுதிய படங்கள் பின்வரிசையில் நிற்க, நண்பர்களின் படங்களை முன்வரிசையில் மாட்டினார். சித்திரக்காரனுக்கு இதைவிடக் கடினமான தியாகம் வேறு இல்லை. 1984-ம் வருஷம் ஏப்ரல் 23-ந் தேதி பென்ரோஸ் காலமானார். அவருடைய ‘அழும் மாது’ இன்று டேட் கலாசாலையில் பொதுஜனங்களின் சொத்து.

இயக்கங்களில் மேடையேறிப் பேசுகிறவர்கள் எப்போதும் மிகுதி. மேடை கட்டுகிறவர்கள் எப்போதும் குறைவு. மேடை கட்டுகிறவன் பெயர் நோட்டீஸில் வராது. ஒயிட்சாப்பலில் பூட்ஸ் கொடுத்துச் சித்திரம் பார்த்த 15,000 பேரில் எத்தனை பேருக்கு பென்ரோஸின் பெயர் தெரிந்திருக்கும்? சிலருக்கே தெரிந்திருக்கும். அதனால் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அவர்கள் சித்திரத்தைப் பார்த்தார்கள். அதற்காகத்தான் அவர் அதைச் சுமந்து வந்தார். பட்டத்தை மறந்துவிடலாம், அந்தச் சுமையை மறக்கக்கூடாது. அத்தகைய தோள்கள் எந்தத் தேசத்தில் எந்தக் காரியத்துக்கு முன்வந்தாலும் அவற்றை அடையாளம் கண்டு போற்றுவது நமது கடமை.